கடைசி டியூவுக்குப் பிறகு வரும் பில்

பண்ருட்டி மண்டியில் பலா இறக்கும் குட்டி யானை, காடாம்புலியூர் பக்கம் முந்திரிக்கொட்டை ஏற்றும் லோடு ஆட்டோ, நெய்வேலி ஆர்ச் கேட்டில் சவாரிக்கு நிற்கும் மஞ்சள் போர்டு கார் என்று எதன் ஆர்சியை வாங்கிப் பார்த்தாலும், உரிமையாளர் பெயருக்குக் கீழே ஒரு வங்கியின் பெயரோ ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயரோ பெரும்பாலும் இருக்கும். ஊர்வழக்கில் அதற்கு ‘ஹெச்பி’. அந்தப் பெயர் அங்கிருந்து போகும்வரை வண்டியை விற்க முடியாது, வேறு பெயருக்கு மாற்ற முடியாது.

பெயரை எடுக்கக் கம்பெனி என்ஓசி எனப்படும் தடையில்லாச் சான்று தர வேண்டும். நான்கைந்து வருடம் டியூ கட்டி முடித்தவர் அதைக் கேட்டுப் போகும்போதுதான் கவுன்ட்டரில் ஒரு காகிதம் நீள்கிறது: “சார், சின்ன பேலன்ஸ் ஒண்ணு இருக்கு. இதையும் கட்டிட்டா என்ஓசி வந்துடும்.”

அந்த ‘சின்ன பேலன்ஸ்’ சில ஆயிரங்களில் இருக்கும். வாசலில் வண்டி வாங்க வந்தவர் அட்வான்ஸோடு காத்திருப்பார். வாக்குவாதம் செய்ய நேரமிருக்காது, கட்டிவிட்டு வருவார்கள். கடன் முடியும் நேரத்தில் விதிக்கப்படும் கட்டணங்களில் பெரும்பகுதி வசூலாவது இந்த அவசரத்தை நம்பித்தான். சட்டமும் ரிசர்வ் வங்கியும் வாடிக்கையாளருக்குச் சாதகமாகவே நிறையச் சொல்லியிருக்கின்றன. ஆனால் அவையெல்லாம் பயன்பட வேண்டுமானால் ‘பிரேக்கப் கொடுங்க’ என்று ஒருவர் எழுதிக் கேட்க வேண்டும்.

சம்பாத்தியம் சீசனில், டியூ மாதாமாதம்

இந்த வட்டாரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பலாவும் முந்திரியும் கோடையில்தான் காசு காட்டும். ஃபைனான்ஸ் கம்பெனிக்கோ ஆடி, ஐப்பசி என்று வித்தியாசம் இல்லை. குறித்த தேதியில் வங்கிக் கணக்கிலிருந்து டியூ போயாக வேண்டும். மழை மாதங்களில் இரண்டு டியூ பவுன்ஸ் ஆவதும், சீசன் பிறந்ததும் சேர்த்துக் கட்டுவதும் பழக்கமாகவே ஆகிவிட்டது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இங்கே பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துப் போட்டதே, அதுபோன்ற வருடங்களில் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் நிரந்தர வேலையில் இருப்பவருக்குச் சம்பளச் சீட்டைப் பார்த்து வங்கியே கார் கடன் கொடுத்துவிடும். ஒப்பந்தத் தொழிலாளியும் சொந்தமாக வண்டி ஓட்டுபவரும் போவது என்பிஎஃப்சி எனப்படும் வங்கிசாரா நிதி நிறுவனத்துக்கு. அதுவும் கிடைக்காதவர் ஊர் ஃபைனான்ஸுக்கு. ஒவ்வொரு பவுன்ஸும் அங்கே ஒரு கட்டணமாகப் பதிவாகும். மாதாமாதம் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். எல்லாம் சேர்ந்து கடைசி நாளில்தான் முகம் காட்டும்.

ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

மாதிரிக்கு ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். நிலையான வட்டியில், 60 மாதத்துக்கு எடுத்த சொந்தக் கார் கடன். மாத டியூ 11,250 ரூபாய். 45 டியூ கட்டியாயிற்று. காரை விற்க வேண்டியிருப்பதால் கடனை முன்கூட்டியே முடிக்கிறார் உரிமையாளர். நடுவில் மூன்று டியூ பவுன்ஸ் ஆகி, ஒவ்வொன்றையும் 20 நாள் தாமதமாகக் கட்டியிருக்கிறார். கம்பெனி தரும் தாளில் அசல் பாக்கி 1,57,500 ரூபாய். அதற்குக் கீழே வருவதுதான் நமக்கு வேண்டியது.

முன்கூட்டியே முடிப்பதற்கான ஃபோர்குளோஷர் கட்டணம் 5 சதவீதம், 7,875 ரூபாய். அதற்கு ஜிஎஸ்டி 1,418. தாமத அபராதம் 6,240. அதற்கு ஜிஎஸ்டி 1,123. பவுன்ஸ் கட்டணம் மூன்றுக்கு 1,500. அதற்கு ஜிஎஸ்டி 270. வசூல் ஆள் வீட்டுக்கு வந்ததற்கு 1,500. என்ஓசி கட்டணம் 1,000. ஆவணம் எடுத்துக் கொடுக்க 750. அசலுக்கு மேல் மொத்தம் 21,676 ரூபாய்.

முதல் வரியில் பெரிதாகச் சண்டை போட இடமில்லை. மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த கடனுக்கு, அது தொழிலுக்காக எடுத்ததாக இல்லாவிட்டால், ஃபோர்குளோஷர் கட்டணம் வாங்கக் கூடாது என்று வங்கிகளுக்கு 2014-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. நம் ஊர்க் கார் கடன்களில் பெரும்பாலானவை நிலையான வட்டி. ஒப்பந்தத்தில் 5 சதவீதம் என்று எழுதியிருந்தால் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதற்கு ஜிஎஸ்டியும் உண்டு. எழுதியிருப்பது 3 சதவீதமா 5 சதவீதமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கை வைக்க வேண்டியது இரண்டாவது வரியில். ஒரு டியூ 11,250 ரூபாய், 20 நாள் தாமதம், மாதத்துக்கு 2 சதவீத அபராதம் என்றால் 148 ரூபாய்தான் வரும். மூன்று டியூவுக்கு 444. மாதம் 3 சதவீதம் என்றே வைத்தாலும் 666-ஐத் தாண்டாது. 6,240 எங்கிருந்து வந்தது? இப்படிப்பட்ட தொகைகள் பொதுவாக அபராதத்தின் மேல் அபராதம் ஏற்றுவதால் வளர்பவை. அதைத்தான் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 தேதியிட்ட சுற்றறிக்கையில் தடுத்தது. தாமதத்துக்கு அபராதக் கட்டணம் வாங்கலாம். அதை வட்டியோடு சேர்க்கக் கூடாது. அதன் மேல் மறுபடி வட்டி போடக் கூடாது. தொகை தவறுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதலும், பழைய கடன்களுக்கு அதிகபட்சம் அதே ஆண்டு ஜூன் 30-க்குள்ளும் இதற்கு மாறியிருக்க வேண்டும்.

ஜிஎஸ்டி விஷயம் இன்னும் சுவாரஸ்யம். ரிசர்வ் வங்கி விதிப்படி வாங்கும் அபராதக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று மறைமுக வரிகள் வாரியம் 2025 ஜனவரியில் தெளிவாக்கிவிட்டது. செக் பவுன்ஸ் அபராதத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று அதே வாரியம் 2022 ஆகஸ்டிலேயே சொல்லியிருக்கிறது. நம் மாதிரி பில்லில் 1,123-ம் 270-ம், ஆக 1,393 ரூபாய், வரி என்ற பெயரில் வந்திருக்கும் வரியல்லாத தொகை. அரசாங்க வரிதானே என்று நாம் பேசாமல் கட்டிவிடும் இடம் இது.

மிச்சமிருக்கும் மூன்று வரிகளுக்கும் ஒரே கேள்விதான்: ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் கடன்களுக்குப் பதில் எளிது. எல்லாக் கட்டணங்களையும் ஒரே இடத்தில் காட்டும் ‘முக்கிய விவரத் தாள்’ ஒன்றை, வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில், கடன் கொடுக்கும் முன்பே கொடுக்க வேண்டும். கேஎஃப்எஸ் என்று கேட்டால் கிளையில் உடனே புரியும். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தைக் கடன் முடியும்வரை எந்தக் கட்டத்திலும் வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வாங்க முடியாது. அதற்கு முந்தைய கடன் என்றால் அனுமதிக் கடிதத்தையும் ஒப்பந்தத்தின் கட்டண அட்டவணையையும் தேட வேண்டும். இரண்டுமே கையில் இல்லை என்பவர்கள்தான் நம்மில் அதிகம். பிரதி கேட்பது உங்கள் உரிமை. கிளையில் நேரில் கேட்டுக்கொண்டு நிற்காமல் இமெயிலில் கேளுங்கள்.

இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்டால் அந்த 21,676 ரூபாயில் ஏறக்குறைய 10,400 ரூபாய் ஆட்சேபத்துக்கு உரியதாகிவிடுகிறது. கிட்டத்தட்டப் பாதி.

கட்டு, ஆனால் எழுதிவிட்டுக் கட்டு

கணக்கு தப்பு என்று தெரிந்தாலும் வண்டியை இந்த வாரமே விற்றாக வேண்டியவர் என்ன செய்வது? பணத்தைக் கட்டலாம். கட்டுவதற்கு முன் நான்கு வரி எழுதி அனுப்பிவிட வேண்டும்: இன்னின்ன தொகைகளை ஏற்கவில்லை, என்ஓசி அவசரமாகத் தேவைப்படுவதால் ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன், திருப்பிக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. இதைச் செய்யாமல் கட்டினால், ‘அவரே ஒத்துக்கொண்டுதான் கட்டினார்’ என்று பின்னால் வாதிடுவார்கள். செட்டில்மென்ட் கடிதத்தில் ‘எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி அச்சடித்தே வரும். அதன் கீழ் கையெழுத்துப் போடும் முன் ‘ஆட்சேபணைக்கு உட்பட்டு’ என்று கையால் எழுதுங்கள். கவுன்ட்டரில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

கடன் முடிந்த பிறகும் என்ஓசியை இழுத்தடித்தால் சொந்தக் கார் வைத்திருப்பவர் கையில் இன்னொரு ஆயுதம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 13-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவின்படி, தனிநபர் கடன் முழுமையாக அடைபட்ட 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவேடுகளில் உள்ள தங்கள் உரிமைப் பதிவையும் நீக்க வேண்டும். அவர்கள் பக்கத் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1-க்குப் பிறகு வரும் கேஸ்களுக்கு இது பொருந்தும். தனிநபர் கடன் என்பதில் சொந்த உபயோகக் கார் கடன் அடங்கும். வாடகைக்கு ஓட்டும் வண்டியின் கடன் அடங்காது. ஆக, உண்மையில் அவசரம் அதிகம் உள்ள குட்டி யானைக்காரருக்கு இந்த 5,000 ரூபாய் இல்லை. இந்தப் பாகுபாட்டுக்கு நியாயமான காரணம் எதுவும் நமக்குத் தெரியவில்லை.

லோடு வண்டிக்காரர் நுகர்வோரா?

நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் கம்பெனி வக்கீல்கள் முதலில் எடுக்கும் அஸ்திரம் இதுதான்: “இவர் வியாபாரத்துக்கு வண்டி வாங்கியவர், நுகர்வோரே அல்ல.” இதற்கான பதில் நம் கோயம்புத்தூர் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் கிடைத்தது. பிஎஸ்ஜி தொழிற்கூடத்திடம் இயந்திரம் வாங்கிய லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த அந்த வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம் ‘வணிக நோக்கம்’ எதுவரை என்று கோடு கிழித்தது. பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான். ஆள் வைத்து மட்டுமே ஓட்ட வாங்கியவர் நுகர்வோர் அல்ல. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது. வணிக நோக்கம் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று 2024-ல் ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சுமையை எதிர்த்தரப்பின் தலையில் வைத்தது. ஆகவே புகார் மனுவில் ‘இந்த வண்டியை நானே ஓட்டிக் குடும்பம் நடத்துகிறேன்’ என்ற வாக்கியம் விட்டுப்போகக் கூடாது. நான்கு வண்டி, நான்கு டிரைவர் வைத்திருப்பவர் வேறு வழி பார்க்க வேண்டியதுதான்.

இன்னொரு அஸ்திரம், ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ‘தகராறு வந்தால் மத்தியஸ்தம், இடம் மும்பை’. பயப்படத் தேவையில்லை. மத்தியஸ்த ஷரத்து இருப்பதாலேயே நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபடாது என்பது எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018-லேயே முடிந்த விஷயம். புதிய சட்டத்தில் புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பண்ருட்டிக்காரருக்கும் நெய்வேலிக்காரருக்கும் கடலூர் மாவட்ட ஆணையமே போதும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறை வேகம் அதுவல்ல என்பதையும் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

அதற்கு முந்தைய படி ஒன்று இருக்கிறது, செலவில்லாதது. முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். ஆணையத்தில் வழக்கை நிலுவையில் வைத்துக்கொண்டு அதே விஷயத்தை ஆம்புட்ஸ்மேனிடம் கொண்டுபோனால் ஏற்க மாட்டார்கள். அதனால் இதை முதலில் செய்துவிட்டு ஆணையத்துக்குப் போவதே புத்திசாலித்தனம்.

ஊர் ஃபைனான்ஸ் விவகாரத்தில் ஆம்புட்ஸ்மேன் எட்டமாட்டார். நுகர்வோர் ஆணையம் எட்டும். அங்கே கடன் முடியும்போது கட்டணத்தைவிட முக்கியமான ஒன்று, தொடக்கத்தில் வெற்றாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள்கள். தேதி போடாத செக், பிராமிசரி நோட்டு, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30. இவற்றை எண்ணித் திருப்பி வாங்காமல் கடைசித் தொகையைக் கொடுக்காதீர்கள்.

தூக்கிக்கொண்டு போன வண்டி

டியூ கட்டாமல் வண்டியை ‘சீஸ்’ செய்துவிட்டால் கடைசி பில் வேறு உருவம் எடுக்கும். சீஸிங் கட்டணம், யார்டு வாடகை, ஏலச் செலவு, ஏலத்தில் போன தொகை போக மீதி பாக்கி என்று நீளும். கடன்காரர் பக்கம் எல்லாம் நியாயம் என்று இங்கே சொல்வதற்கில்லை. 2020-ல் மேக்மா ஃபின்கார்ப் வழக்கில் ஏழு தவணை மட்டுமே கட்டியவருக்குக் கீழே கிடைத்திருந்த பெரிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஹயர் பர்ச்சேஸ் ஒப்பந்தத்தில் தவணை முடியும்வரை ஃபைனான்ஸ் கொடுத்தவரே உரிமையாளர், வண்டியை எடுக்க அவருக்கு உரிமை உண்டு என்றது. முறையாக நோட்டீஸ் தராததற்கு மட்டும் கம்பெனி ஒரு சிறு தொகை தர வேண்டியிருந்தது.

எடுக்கும் உரிமை வேறு, எடுக்கும் விதம் வேறு. அடியாட்களை வைத்து வண்டியைப் பிடுங்கக் கூடாது, சட்ட வழியில்தான் செய்ய வேண்டும் என்று 2007-ல் ஐசிஐசிஐ வங்கி வழக்கிலும், 2011-ல் சிட்டிகார்ப் மாருதி ஃபைனான்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. என்பிஎஃப்சி ஒப்பந்தங்களில் எத்தனை நாள் நோட்டீஸ், வண்டியை எடுக்கும் முறை, விற்கும் முன் பணம் கட்ட இறுதி வாய்ப்பு, ஏல முறை எல்லாம் எழுதியிருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே விதித்தது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்பது 2022 முதல் உள்ள விதி. ஏலத்துக்கு முன் நோட்டீஸ் வரவில்லை என்றால் ‘மீதி பாக்கி’ என்று வரும் பில்லைக் கேள்வி கேட்க அதுவே முதல் காரணம்.

ஐடி பிள்ளைகளின் லீஸ் கார்

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்து சென்னையிலும் பெங்களூரிலும் ஐடி வேலைக்குப் போன பிள்ளைகள் தீபாவளிக்கு ஓட்டிக்கொண்டு வரும் கார்களில் சில, கம்பெனி வழியாக எடுத்த லீஸ் கார்கள். வருமான வரியில் மிச்சம் என்பது அதன் ஈர்ப்பு. லீஸ் முடிந்து காரைத் திருப்பிக் கொடுக்கும்போது கீறல், சீட் கிழிசல், டயர் தேய்மானம் என்று ஒரு பட்டியல் வரும்; நடுவில் வேலையை விட்டால் ஃபோர்குளோஷரும் ஊழியர் தலையில்.

இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. அமெரிக்காவில் 1976-லேயே நுகர்வோர் லீஸ் சட்டம் வந்துவிட்டது. தேய்மானத்துக்கு விதிக்கும் அளவுகோல் நியாயமானதாகவும் முன்கூட்டியே சொல்லப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பிரிட்டனில் லீஸ் நிறுவனங்களின் சங்கமே எது சாதாரணத் தேய்மானம், எது சேதம் என்று கையேடு போட்டிருக்கிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் நெய்வேலிக்காரர் கார் திருப்பும் முன் அந்த அளவுகோலைக் கேட்டு வாங்கலாம். இங்கே நமக்கு இருப்பது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ம் பிரிவு. ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டுமே வாங்க முடியும் என்பது அதன் சாரம். ஆகவே உத்தேச மதிப்பீட்டை ஏற்காமல், உண்மையில் ரிப்பேர் செய்த பில்லைக் கேட்க வேண்டும். கொடுக்கும் நாளில் நான்கு பக்கமும், உள்ளேயும், கிலோமீட்டர் மீட்டரையும் படம் எடுத்து, வாங்கிக்கொள்பவரிடம் நிலைமை எழுதிய தாளில் கையெழுத்து வாங்க வேண்டும்.

லீஸ் ஒப்பந்தம் கம்பெனி பெயரில்தானே, ஊழியர் எப்படிப் புகார் செய்வார் என்று கேட்கலாம். பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையை அனுபவிப்பவரும் நுகர்வோர் என்றே சட்டம் சொல்கிறது. நிறுவனம் தன் இயக்குநரின் உபயோகத்துக்கு வாங்கிய காரை வணிக நோக்கம் என்று தள்ள முடியாது என்று 2024 ஜூலையில் டெய்ம்லர் கிரைஸ்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் உதவும்.

ஒப்பந்தமே அநியாயமாக இருந்தால்? 2019 சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்தது. இழப்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய அபராதம், உரிய கட்டணத்தைக் கொடுத்தும் கடனை முன்கூட்டி முடிக்க விடாமல் தடுப்பது, நுகர்வோருக்குப் பாதகமான நியாயமற்ற கட்டணம் எல்லாம் அதில் வருகின்றன. அப்படிப்பட்ட ஷரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். ஆனால் அந்த அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். பத்தாயிரம் ரூபாய்க்காகச் சென்னைக்கு யார் அலைவார்கள்? நல்ல சட்டத்தைக் கைக்கெட்டாத உயரத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய்க்காரருக்கு, ஷரத்தையே எதிர்க்காமல் சேவைக் குறைபாடு என்று கடலூரில் மனுப் போடுவதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும்.

என்ஓசி கைக்கு வந்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அதையும் படிவம் 35-ஐயும், நடப்பிலுள்ள இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து ஆர்சியில் ஹெச்பி பதிவை நீக்க வேண்டும். என்ஓசியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, மூன்று வருடம் கழித்து விற்கும்போது அந்த ஃபைனான்ஸ் கம்பெனி வேறு கம்பெனியோடு இணைந்து பெயரே மாறிப்போய், புது என்ஓசிக்கு அலைபவர்கள் உண்டு. அப்படியே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம் கொடுத்து பாலிசியில் இருந்து ஃபைனான்ஸ் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்காவிட்டால், வண்டி முழுச் சேதமாகியோ திருட்டுப் போயோ கிளெய்ம் வரும் நாளில் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவது அந்த ஃபைனான்ஸ்காரரின் ஒப்புதலைத்தான்.